சென்னை வெயிலில் 5.1 ஜிகாஹெர்ட்ஸ்: என் 12600கே-க்கு ஏற்ற கூலரைத் தேடி எடுத்த அனுபவம்

இன்டெல் கோர் ஐ5-12600கே வாங்கினால் பெட்டிக்குள் கூலர் இருக்காது. ஓவர்க்ளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட) நினைப்பவர் தன் தேவைக்கு ஏற்றதைத் தனியாக வாங்கிக்கொள்வார் என்ற கணக்கில்தான் 'கே' வகை பிராசசர்களை விற்கிறார்கள். எனக்கு வேலையே ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போடுவது, அதாவது காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்குவது. பிராசசர் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும். நடுவில் சூடாகி வேகம் குறைந்தால், விடிவதற்குள் முடிய வேண்டிய வேலை மதியம் வரை இழுக்கும். எல்லா பி-கோர்களையும் (பிராசசரின் வேகமான கோர்களை) 5.1 ஜிகாஹெர்ட்ஸில் நிறுத்தி, அதே வேகத்தில் இரவெல்லாம் ஓட்ட வேண்டும், அதற்கு என்ன கூலர் போடுவது என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூலர் விமர்சனங்களில் பெரும்பாலானவை குளிர்ந்த அறையில் எடுத்தவை. 21, 22 டிகிரி அறையில் பிராசசர் 75 டிகிரியில் நின்றது என்று போட்டிருப்பார்கள். என் அறை மொட்டை மாடிக்குக் கீழே, ஏசி கிடையாது. மே மாதப் பிற்பகலில் சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 34, 35 காட்டும். காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் கீழே போக முடியாது. ஆகவே அந்த 75-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் மேல் 13 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் கூலர் வாங்குகிறவர்கள் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அதனால் விமர்சனங்களில் வெப்பநிலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாட் கணக்குக்குப் போனேன். 12600கே-யின் அதிகபட்ச டர்போ பவர் (முழு வேகத்தில் இழுக்கும் மின்சாரம்) 150 வாட் என்று இன்டெல் சொல்கிறது. ஓவர்க்ளாக் செய்தால் அது ஏறும். ஏறும் விதம்தான் முக்கியம். பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், ஆனால் வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால் பார்வைக்குப் பத்து சதவீதம்தான், வெப்பமோ 21 சதவீதம் கூடிவிடும். 5.1-க்கு என் பிராசசர் முதலில் கேட்டது 1.32 வோல்ட். ரெண்டர் ஓடும்போது சுமார் 190 வாட் இழுத்தது.

இந்த 190-ஐ வைத்துக் கூலரை எப்படி எடை போடுவது? ஒரு வாட்டுக்கு அறை வெப்பத்தைவிட எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்தால் போதும். ஒரு விமர்சனத்தில் 150 வாட்டில், 22 டிகிரி அறையில், பிராசசர் 68-இல் நின்றதாக வைத்துக்கொள்வோம். ஏற்றம் 46 டிகிரி, அதாவது வாட்டுக்கு 0.31. அதே கூலர் என் 190 வாட்டுக்கு 58, 59 டிகிரி ஏறும். அறை 34 என்றால் மொத்தம் 92 அல்லது 93. இந்த பிராசசர் 100 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எனவே இந்தக் கூலர் தப்பிக்கிறது. வாட்டுக்கு 0.37 உள்ள கூலராக இருந்தால் 104 வரும். அதாவது நூறிலேயே முட்டிக்கொண்டு நின்று, நான் கேட்ட 5.1-ஐத் தராது. குளிர்ந்த நாட்டில் இருப்பவருக்கு இந்த இரண்டு கூலர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு ஒன்று ஓடும், மற்றது ஓடாது.

இந்தக் கணக்கில் ஒற்றை டவர் (ஒரே தகடு அடுக்கு), நான்கு ஹீட்பைப் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்) வகைகள் கழிந்தன. டீப்கூல் ஏகே400 மாதிரியான கூலர்கள் விலைக்கு மிக நல்ல பொருள்தான். ஓவர்க்ளாக் செய்யாத ஐ5-க்கு அதையே வாங்கச் சொல்வேன். 190 வாட்டுக்கு அது போதாது. பழைய கணினியில் இருந்த கூலரையே மாற்றிப் போடலாமா என்றும் பார்த்தேன். அதன் சாக்கெட்டான எல்ஜிஏ1151-இல் மதர்போர்டுத் துளைகளுக்கு இடையே 75 மி.மீ., 12600கே உட்காரும் எல்ஜிஏ1700-இல் 78 மி.மீ. தனியாக மாட்டும் கிட் கிடைத்தால் ஒழியப் பொருந்தாது.

திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் 240 மி.மீ. லிக்விட் கூலரையும் யோசித்துப் பார்த்தேன். சக்தி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஃபேனோடு பம்ப் என்று இன்னொரு ஓடும் பொருள் சேர்கிறது. குழாய்ச் சுவர் வழியாகத் திரவமும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குறையும். பெரும்பாலானவற்றை நாமே திறந்து சரிசெய்யவும் முடியாது. டவர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அதையும் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். இரவில் ஆள் பார்க்காமல் ஓடும் இயந்திரத்துக்கு நான் இதைத்தான் நம்புவேன்.

சரி, இரட்டை டவர் என்று முடிவானது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். முதலில் நுழைந்த கடையில் எந்தக் கூலரில் லைட் அழகாக எரியும் என்பதிலேயே பேச்சு நின்றது. இன்னொரு கடையில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாட் கணக்கைச் சொன்னதும், "அதெல்லாம் சரி தம்பி, கேபினெட் அகலத்த அளந்தீங்களா? பிராசசர் மேல இருந்து கண்ணாடி வரைக்கும் எவ்வளவு இருக்கு? வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேர் மூடி மூடலன்னுதான் திரும்பக் கொண்டு வர்றாங்க" என்றார். என் கேபினெட்டில் 165 மி.மீ. என்றேன். உடனே நாக்டுவா என்எச்-டி15 பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

காரணத்தையும் விளக்கினார். டி15-இன் உயரம் சரியாக 165 மி.மீ. அதன் முன் ஃபேன் ரேம் குச்சிகளுக்கு நேர் மேலே வந்து உட்காரும். ஃபேனுக்கு அடியில் கிடைக்கும் இடம் 32 மி.மீ. தகடு எதுவும் போர்த்தாத வெறும் ரேம் என்றால் அடங்கிவிடும். என் ரேமில் உயரமான அலுமினியத் தகடு இருக்கிறது. ஃபேனை மேலே தூக்கி மாட்டினால் உயரம் 165-ஐத் தாண்டும், பக்கக் கண்ணாடி மூடாது. உலகத்தின் மிகச் சிறந்த ஏர் கூலர்களில் ஒன்று, என் பெட்டிக்கு மட்டும் சேரவில்லை. விலையும் மிக அதிகம்.

கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன: தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, டீப்கூல் ஏகே620. இரண்டுக்கும் ஆறு ஹீட்பைப், இரண்டு 120 மி.மீ. ஃபேன். முன்னது 155 மி.மீ. உயரம், பின்னது 160. குளிர்விப்பதில் பெரிய வேறுபாடு கிடையாது. கடையில் கைவசம் இருந்தது ஏகே620, அதையே எடுத்துக்கொண்டேன்.

ஃபேனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் காற்றளவு, திறந்த வெளியில் ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது. ஹீட்சிங்கின் தகடுகள் நெருக்கமாக இருக்கும், அவற்றுக்குள் காற்றை நுழைக்க அழுத்தம் வேண்டும். அதனால் ஸ்டேட்டிக் பிரஷர் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேரிங்கும் முக்கியம். சாதாரண ஸ்லீவ் பேரிங் வெப்பத்தில் எண்ணெய் வற்றிச் சத்தம் போட ஆரம்பிக்கும். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் நம் சூட்டுக்கு அதிகம் தாங்கும். வேகத்தை வேண்டியபடி மாற்றக்கூடிய, நான்கு பின் உள்ள பிடபிள்யூஎம் ஃபேனாக இருப்பது கட்டாயம்.

பொருத்தும் வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட்டைப் பார்ப்பதில்தான். பேஸ்ட் வைத்து, நான்கு பக்கமும் அழுத்தம் சமமாக வரும்படி ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, உடனே கழற்றி அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தேன். பிராசசரின் இரண்டு முனைகளிலும் பேஸ்ட் மெலிந்து உலோகம் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் மட்டும் சாம்பல் நிறத்தில் தடித்து நின்றது. எல்ஜிஏ1700 சாக்கெட்டின் பூட்டு, நீளமான பிராசசரை நடுவில் இரண்டு பக்கமும் பிடித்து அழுத்துகிறது. அதனால் மேல்தகடு நடுவில் லேசாகக் குழிகிறது. வெப்பம் பிறக்கும் சில்லு இருப்பதும் அந்த நடுவில்தான். இந்த வளைவு அனுமதித்த அளவுக்குள்தான் என்பது இன்டெல்லின் நிலை. பூட்டை மாற்றினால் வாரன்டி போகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான், அந்தப் பூட்டுக்குப் பதிலாக மாட்டும் காண்டாக்ட் ஃப்ரேம் ஒன்றை வாங்கி வைத்தேன். ஆனால் அது இல்லாமல் முதலில் அளந்துவிட வேண்டும் என்று, பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்துக் கூலரைத் திரும்ப மாட்டினேன்.

பிராசசரை முழு வேகத்தில் ஓட்டும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் எண்களைக் குறித்தேன். அறை 34. முதல் ஓட்டத்தில் 97 வந்தது. என் கணக்கைவிட நான்கைந்து டிகிரி கூடுதல். பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், 92-க்கு இறங்கியது. கூலரில் குறையில்லை என்பது அப்போதே புரிந்தது. என் கேபினெட்டின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. ஓரத்து இடுக்கு வழியாகத்தான் ஃபேன்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு இரும்பு வலையும் தூசி வடிகட்டியும் பொருத்தினேன். பக்கக் கதவை மூடிய நிலையிலும் 92-இலேயே நின்றது. பெரிய கூலருக்குப் பணம் போடும் முன் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். கதவைத் திறந்தால் ஐந்து டிகிரி குறைகிறது என்றால் செலவழிக்க வேண்டியது கேபினெட்டின் காற்றோட்டத்துக்கு.

அப்புறம் வோல்டேஜ். 1.32-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ரெண்டர் ஓட்டிப் பார்த்ததில் 1.26-இல் 5.1 நிலையாக நின்றது. அதற்குக் கீழே ப்ளெண்டர் பாதியில் மூடிக்கொண்டது. 190 வாட் 173 ஆனது, வெப்பம் 87 ஆனது. ஒரு பைசா செலவில்லாமல் ஐந்து டிகிரி. பிறகு காண்டாக்ட் ஃப்ரேமை மாட்டினேன். அதை அதிகம் முறுக்கினால் ரேமின் ஒரு சேனலைக் கணினி அடையாளம் காணாமல் போகலாம் என்பதால், விரல் பிடியில் இறுகியதும் ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான். பேஸ்ட் தடம் இந்த முறை ஒரே சீராக இருந்தது. 83.

ஃபேன் வேகத்தை பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) இப்படி வைத்திருக்கிறேன்: 60 டிகிரி வரை 800 சுற்று, 75-இல் 1,300, 85-ஐத் தாண்டினால்தான் முழு வேகமான 1,850. வெப்பம் ஒரு நொடி எகிறியதும் ஃபேன் இரையாமல் இருக்க, வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதமும் கொடுத்திருக்கிறேன். முன் வலையின் வடிகட்டியை மாதம் ஒரு முறை கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்ததும் மாட்டுகிறேன். எங்கள் தெருவில் மெட்ரோ வேலை நடக்கிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் மூன்று, நான்கு டிகிரி ஏறுவது ரெண்டர் பதிவிலேயே தெரிகிறது.