வலி காலுக்கு இறங்குகிறதா, இடுப்புக்கு ஏறுகிறதா?

இடுப்பு பிடித்துக்கொண்ட முதல் இரண்டு நாள் யாருக்கும் பொறுமை இருக்காது. தும்மினால் சுளீரென்று இழுக்கும், படுக்கையில் புரண்டு படுப்பதே பெரும்பாடு. உடனே ஸ்கேன் எடுக்கத்தான் தோன்றும். ஆனால் சிகிச்சை தரும் எங்களுக்கு ஸ்கேனுக்கு முன்னால் சில கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். சிறுநீர் அடைக்கிறதா, அறியாமல் கசிகிறதா? ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்திருக்கிறதா? இரண்டு காலும் தளர்கிறதா? இவற்றில் ஏதாவது ஒரு கேள்விக்கு 'ஆமாம்' என்றாலும் நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தண்டுவடத்தின் அடியிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை நசுங்கும்போது, தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவர், கீழே விழுந்தவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் என்றாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் ஸ்கேனுக்கு அவசரமே இல்லை. முதுகுவலி இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்கில் தேய்மானம் இருந்தது. ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்த நாள்முதல் குனியவே பயந்து, உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, வலியை இழுத்துக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

தினமும் கவனிக்க வேண்டியது வலியின் அளவை அல்ல, அது நிற்கும் இடத்தை. டிஸ்க் பிதுங்கி நரம்பை உறுத்தினால் வலி பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று இறங்கும். கால் கட்டைவிரல் பக்கம் மரத்தால் பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு நரம்பு. சுண்டுவிரல், பாதத்தின் வெளிவிளிம்பு என்றால் அதற்கு அடுத்தது. பாதம்வரை போன வலி தொடையோடு நின்றால் நல்ல அறிகுறி, அப்போது இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் சரி. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் பலன் தரத் தொடங்கிய பயிற்சியைப் பாதியில் விடுகிறார்கள்.

பயிற்சி இதுதான். குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பிறகு முழங்கைகளை ஊன்றி அதே அளவு நேரம். அதன்பின் உள்ளங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் எழுப்பி இறக்க வேண்டும்: 10 முறை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. இடுப்பு தரையிலேயே கிடக்க வேண்டும், பிட்டத்தை இறுக்கக் கூடாது. பலரும் தவறுவது அங்கேதான். முதுகுத் தசையால் தூக்குகிறார்கள், வேலை செய்ய வேண்டியது கைகள். செய்யச் செய்ய வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். நடந்தால் கால் கடுத்து, முன்னால் சாய்ந்தால் சுகப்படுகிற முதியவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு நரம்புப் பாதை குறுகியிருக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுப்பதுதான் இதம் தரும்.

படுக்கை ஓய்வு அதிகபட்சம் இரண்டு நாள். அதற்குமேல் படுத்தால் தசை தளர்ந்து, எழுவதே இன்னும் கடினமாகும். வீட்டுக்குள் ஐந்து பத்து நிமிட நடை, பகலில் பலமுறை. வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம். பாராசிட்டமால் முதுகுவலியைச் சீக்கிரம் ஆற்றுவதில்லை என்று 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டிவிட்டது. ஐபுபுரூஃபன் வகை ஓரளவு உதவும்; சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

வலி சற்றுத் தணிந்ததும்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். தேங்கிய வேலையை எல்லாம் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பார்கள். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவதைத் தவிர்ப்பது நல்லது. படுக்கையிலிருந்து ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். பிறகு நடையை மெதுவாகக் கூட்டி, நாளுக்கு 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்று கொண்டுவரலாம். 2024-ல் வெளியான இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில் இப்படி நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பிவர 208 நாள் ஆனது. நடைத்திட்டம் இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள்.

அறுவை சிகிச்சை என்றதும் பதற வேண்டாம். பிதுங்கிய டிஸ்க் பலருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது. ஆறு வாரம் ஒழுங்காக முயன்றும் கால்வலி குறையாமல், ஸ்கேனும் அதே நரம்பைக் காட்டினால் அதைப் பற்றிப் பேசலாம். அதனால் தீர்வது கால்வலிதான், இடுப்புவலிக்கு அவ்வளவு பலன் இருக்காது. இடையில் வாரம் ஒருமுறை, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் பத்தடி, முன்பாதத்தில் பத்தடி நடந்து பாருங்கள். போன வாரம் தூக்க முடிந்த பாதம் இந்த வாரம் தொங்கினால், வலி குறைந்திருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.