ஜாக் ஹெரர் ரகத்தின் மணத்தைத் தூய டெர்பீன்களால் கட்டிப் பார்த்த அனுபவம்

ஒரு கலப்பினக் கஞ்சா ரகத்தின் மணத்தை, அந்தச் செடியே இல்லாமல், செடிகளுக்கு மணம் தரும் சேர்மங்களான டெர்பீன்களைத் தூய வடிவில் கலந்து உருவாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்ட ரகம் ஜாக் ஹெரர். இன்றைய ரகங்கள் பலவற்றில் மிர்சீனோ லிமோனீனோ காரியோஃபிலீனோதான் மேலோங்கி நிற்கும். இதில் டெர்பினோலீன் முன்னுக்கு வருகிறது. மூக்கைப் பழக்க இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் எண்ணம்.

1990களில் நெதர்லாந்தின் சென்சி சீட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ரகம் இது. ஒரு பக்கம் ஹேஸ் என்ற ரகம். மறுபக்கம் நார்தர்ன் லைட்ஸ் 5, ஷிவா ஸ்கங்க் என்ற இரு ரகங்களின் கலப்பு. அமெரிக்காவில் கஞ்சா, சணல் ஆகியவற்றின் மீதான தடையை நீக்கப் போராடிய ஜாக் ஹெரரின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். அவர் 2010இல் காலமானார்.

முதலில் ஒவ்வொரு டெர்பீனையும் ஆல்கஹாலில் கரைத்து, தனித்தனிக் காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்தேன். ஆல்ஃபா-பைனீன் பிளந்த பைன் மரம். சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். மிர்சீனில் பச்சை இலையும் பிசினும் கலந்த ஒரு கனம். டெர்பினோலீனை ஒரே சொல்லில் அடக்க முடியவில்லை. முதல் மூச்சில் எலுமிச்சைத் தோல், அடுத்ததில் ஈர மரம், சற்றுப் பொறுத்தால் இளம்பூவின் இனிப்பு. இந்த மூன்றும் ஒரே மூலக்கூறுக்குள் இருக்கின்றன என்பதை ஏற்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

கலவையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக டெர்பினோலீன். மீதியில் காரியோஃபிலீனும் மிர்சீனும் பெரும்பங்கு. ஒசிமீன், பைனீன், லிமோனீன் சிறிதளவு. பட்டையில் இட்டதும் மணம் பளிச்சென்று எழுந்தது. பைனீன் சுமார் 156 டிகிரி செல்சியஸிலும் டெர்பினோலீன் சுமார் 186 டிகிரியிலும் கொதிக்கும். பட்டையிலிருந்து அவை விலகும் வரிசையும் அதுவேதான். மறுநாள் காலையில் காரியோஃபிலீனின் மிளகுக் காரமும் காய்ந்த கட்டை வாசமும் மட்டுமே மிஞ்சியிருந்தன. மூடிவைக்காத பழைய கஞ்சாப் பூ ஏன் மங்கலாகவும் காரமாகவும் மணக்கும் என்பதற்கு விடை அந்தப் பட்டையிலேயே இருந்தது. கார்பன் பத்து கொண்ட மோனோடெர்பீன்கள் பறந்துவிடுகின்றன. பதினைந்து கொண்ட செஸ்குவிடெர்பீன்கள் தங்கிவிடுகின்றன.

ஆனாலும் கலவை மிகவும் சுத்தமாக இருந்தது. புதிதாகத் துடைத்த தரையைப் போல. செடிக்குரிய அழுத்தம் அதில் இல்லை. அளவுகளை எவ்வளவு மாற்றியும் அது வரவில்லை, வரவும் வராது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, கஞ்சாவின் ‘ஸ்கங்க்’ வாடைக்கு (ஸ்கங்க் என்பது துர்நாற்றத்தைப் பீய்ச்சும் ஒரு விலங்கு) முதன்மைக் காரணம் 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால் என்ற கந்தகச் சேர்மம் என்று காட்டியது. வெளிச்சம் பட்டுக் கெட்ட பீரில் எழும் வாடையும் இதனால்தான். டெர்பீன்களோடு ஒப்பிட்டால் இது இருக்கும் அளவு மிகமிகக் குறைவு. மூக்கோ அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது.

அதே சேர்மத்தைக் கையாள நான் துணியவில்லை. வாசனைத் திரவியக்காரர்கள் பயன்படுத்தும் வேறொரு கந்தகப் பொருளான கிரேப்ஃப்ரூட் மெர்காப்டனை, பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்து, ஒரு துளி சேர்த்தேன். கலவை உடனே உயிர் பெற்றது. டெர்பினோலீனின் பூமணம் பின்வாங்கி, பழுத்த பழத்தோலின் லேசான வியர்வை வாசம் மேலே வந்தது. அசல் ஸ்கங்க் வாடை இதுவல்ல. ஆனால் எந்த இடம் காலியாக இருந்தது என்பது தெளிவாகிவிட்டது.

விளைவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாக் ஹெரர் உற்சாகமும் தெளிவும் தரும், அதற்கு டெர்பினோலீனே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் 2013இல் வந்த ஆய்வில், டெர்பினோலீனை முகர்ந்த எலிகள் மந்தமடைந்தன. போதைக்கு அடிப்படை, மூளையின் சிபி1 ஏற்பியை (சேர்மங்கள் வந்து இணையும் புரதம்) தூண்டும் டிஎச்சி என்ற கஞ்சாச் சேர்மம்தான். மணப்பொருள்களில் லிமோனீனுக்கு மனிதரிடம் கிடைத்த நல்ல சான்று உண்டு: 2024இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், டிஎச்சியோடு சேர்த்து ஆவியாக உள்ளிழுத்தபோது அது பதற்றத்தைக் குறைத்தது. காரியோஃபிலீன் சிபி2 ஏற்பியோடு இணைவதும் 2008 முதல் தெரிந்ததே. ஆனால் அந்த ஏற்பி போதை தருவதில்லை. மணத்தை வைத்து விளைவைக் கணிப்பவர்களை நான் நம்புவதில்லை.

இந்தப் பொருள்களைக் கையாள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றுப் பட்ட லிமோனீனும் டெர்பினோலீனும் ஆக்சிஜனேற்றமடைகின்றன; லிமோனீனில் அப்போது உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகள் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். சிறு புட்டிகளில் விளிம்புவரை நிரப்பி, குளிர்ந்த இருட்டில் வைக்கிறேன். கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

அடுத்த கலவையில் ஒசிமீனைக் கூட்டி, லிமோனீனை முழுவதும் நீக்கப் போகிறேன். எலுமிச்சைச் சாயலை டெர்பினோலீன் மட்டுமே தாங்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.