9 சென்டிமீட்டர் தண்ணீருக்கு வெள்ள எச்சரிக்கை

நீடாமங்கலம் பக்கத்துக்காரர்களுக்கு மூணாறு தலைப்பைத் தெரிந்திருக்கும். வெண்ணாற்றுத் தண்ணீர் அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. கட்டங்களைக் கோடு போட்டு இணைத்தே நிரல் அமைக்கும் கருவி நோட்-ரெட், அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு நோடு. மெசேஜைப் பிரித்துவிடும் ஸ்விட்ச் நோடை அதில் முதலில் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் மெசேஜ் வருகிறது. நிபந்தனைக்கு ஏற்ற மதகு வழியாக மறுபக்கம் போகிறது.

மன்னார்குடிப் பக்கம் பெரியப்பாவின் வயல் கொல்லையை ஒட்டியே இருக்கிறது, வீட்டு வைஃபை அதுவரை எட்டும். வாய்க்கால் மதகுக்கு மேலே ஒலி அலையால் தூரத்தை அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரைக் கட்டினேன். அதோடு இணைத்த இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் தண்ணீரின் ஆழத்தைக் கணக்குப் போட்டு, கருவிகள் மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் எம்க்யூடிடி வழியாக அனுப்பும். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் அந்த மெசேஜ்களை வாங்கிக் கொடுக்கும் மஸ்கிட்டோ, அதற்கு மேல் நோட்-ரெட். ஸ்விட்ச் நோடில் விதிகள் மூன்றே மூன்று. 40 சென்டிமீட்டருக்கு மேல் போனால் டெலிகிராமில் வெள்ள எச்சரிக்கை. 10க்கு மேல் இருந்தால் சும்மா பதிவு. மீதியெல்லாம் 'அதர்வைஸ்' வழியாகப் போய், 'மோட்டார் போடணும்' என்று பெரியப்பாவுக்குச் செய்தி. மோட்டாரை நேரடியாகப் போடும் வேலையை அதற்குக் கொடுக்கவில்லை, அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது.

சோதனை மெசேஜ் அனுப்பும் இன்ஜெக்ட் நோடில் 5, 25, 60 என்று அனுப்பிப் பார்த்தேன். மூன்றும் போக வேண்டிய இடத்துக்குப் போயின. இரண்டு வாரம் நிஜத் தண்ணீரிலும் பிசகில்லை.

முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். எங்கள் முறை முடிந்த அன்று, ராத்திரி இரண்டு மணிக்கு வெள்ள எச்சரிக்கை. பெரியப்பா டார்ச்சும் மண்வெட்டியுமாக ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு என்னைத்தான் எழுப்பினார்: "ஏண்டா தம்பி, வாய்க்கால்ல தவளை நீந்தக்கூடத் தண்ணி இல்ல. எங்கடா வெள்ளம்?"

முதலில் சென்சாரைத்தான் சந்தேகப்பட்டேன். சிலந்தி கூடு கட்டியிருக்கும் என்று துடைத்தேன், ஒயரை மாற்றினேன். அரை நாள் வீண். வரும் மெசேஜ்களைக் காட்டும் டீபக் பக்கத்தைத் திறந்தால் 9 என்று சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த 9 மேற்கோள் குறிக்குள் இருந்தது, மேலே 'ஸ்ட்ரிங்[1]' என்றும் போட்டிருந்தது, அதாவது அது எண் இல்லை, ஒரே ஒரு எழுத்து. இத்தனை நாளும் அது கண்ணெதிரே இருந்திருக்கிறது!

எம்க்யூடிடி நோடில் வெளியீட்டை 'ஸ்ட்ரிங்' என்று வைத்தவன் நானேதான். ஸ்விட்ச் விதியிலும் 40க்குப் பக்கத்தில் இருந்த, எழுத்து வகையைக் குறிக்கும் ஏ-இஸட் சின்னத்தை மாற்றவில்லை, அதாவது அந்த 40ம் எழுத்துதான். இரண்டு பக்கமும் எழுத்தாக இருந்தால், நோட்-ரெட்டுக்கு அடியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி அகராதி வரிசையில்தான் ஒப்பிடும். 4க்குப் பிறகு வருவது 9, ஆகவே 40ஐ விட 9 பெரியது. இரண்டிலக்க எண்கள் தங்களுக்குள் சரியாகவே ஒப்பாகும். அதனால்தான் தண்ணீர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்வரை பிழை வெளியே தெரியவில்லை. சரி, இன்ஜெக்ட் சோதனை எப்படித் தேறியது? அதில் நான் அனுப்பியது எண். ஒரு பக்கம் எண்ணாக இருந்தாலே மறுபக்கத்தையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும்.

இதைவிட வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. 105 என்று வந்திருந்தால்? 1 என்பது 4க்கு முன்னால், அதனால் எச்சரிக்கையே போயிருக்காது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சம்பா முழுகிக்கொண்டிருக்க, இது பாட்டுக்கு 'நார்மல்' என்று எழுதிக்கொண்டிருந்திருக்கும்.

விதியில் ஏ-இஸட் சின்னத்தை எண்ணைக் குறிக்கும் 09 ஆக்கினேன். அதுவே போதும். இருந்தாலும் முன்னால் நாமே நிரல் எழுதும் ஒரு ஃபங்ஷன் நோடு போட்டு, ஜாவாஸ்கிரிப்டின் 'நம்பர்' கொண்டு எண்ணாகவும் மாற்றினேன். அங்கேதான் அடுத்த குழி. சென்சார் தடுமாறும்போது வெறும் மெசேஜ் வரும். 'நம்பர்' அந்த வெறுமையைப் பூஜ்யம் ஆக்கிவிடுகிறது. உடனே 'மோட்டார் போடணும்'. அதற்குப் பதில் 'பார்ஸ்ஃப்ளோட்' போட்டேன், வெறுமைக்கு 'நேன்', அதாவது 'எண்ணே இல்லை' என்று வந்தது. நல்லதுதான், ஆனால் 'நேன்' எந்த ஒப்பீட்டிலும் தேறாமல் 'அதர்வைஸ்' வழியாகப் போய் மறுபடியும் மோட்டாரிலேயே விழுந்தது. தெரியாததெல்லாம் போகும் மதகில் மோட்டாரைக் கட்டியது என் தப்பு. இப்போது '10 அல்லது அதற்குக் கீழ்' என்று தனி விதி இருக்கிறது. 'அதர்வைஸ்' எனக்கு மட்டும் 'சென்சாரைப் பார்' என்று சொல்கிறது.

அப்புறம், 45 வந்தால் எச்சரிக்கையும் போகும், பதிவும் ஆகும். ஸ்விட்ச் நோடு வழக்கமாக எல்லா விதிகளையும் பார்ப்பதால்தான். முதல் பொருத்தத்தோடு நிறுத்து என்று மாற்றலாம், ஆனால் 10க்கு மேல் என்ற விதி மேலே இருந்தால் 45 அங்கேயே நின்றுவிடும். எனக்கு இரண்டும் தேவை என்பதால் மாற்றவில்லை.

நேற்று கரண்ட் போய் வந்தபோது, சென்சார் உயிர் பெறுவதற்கு முன்பே ஒரு பழைய அளவு வந்து நின்றது. இஎஸ்பி நிரலில், கடைசி மெசேஜை மஸ்கிட்டோவில் பிடித்து வைக்கச் சொல்லும் 'ரிடெய்ன்' போட்டிருக்கிறேன் போல. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். அதுவரை டெலிகிராமை ராத்திரியில் சத்தமில்லாமல் வைத்துக்கொள்கிறேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.