நீண்ட விமானப் பயணம்: பெட்டி கட்டுவதற்கு முன்னால் நாங்கள் செய்த வேலைகள்

அம்மாவை அழைத்துக்கொண்டு ஜப்பானும் நியூசிலாந்தும் போய் வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது, "என்னென்ன எடுத்துக்கொண்டு போனீர்கள்?" என்றுதான். எடுத்துப் போன பொருட்களைவிட, எந்த வேலையை எதற்கு முன்னால் முடித்தோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாக்ஸோ சோப்போ விட்டுப்போனால் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். இன்னொருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியதை அப்படி வாங்க முடியாது. அதனால் அடுத்தவர் கையில் இருக்கும் வேலைகள் முதலில், பெட்டி கடைசியில் என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் பாஸ்போர்ட். எத்தனை மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) என்றால், அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் கடந்த 10 ஆண்டுகளுக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். 6 மாதம் கேட்கும் நாடுகள் நிறைய. 6 மாதத்துக்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலான இடங்களில் கவலையில்லை. அம்மாவுடையது முடியும் தறுவாயில் இருந்ததால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைப் புதுப்பித்தோம். விசா, விமானப் பதிவு எல்லாம் பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தவை. பழைய எண்ணில் விசா வாங்கிவிட்டுப் பாஸ்போர்ட்டை மாற்றினால் இரட்டை வேலை. டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

டிக்கெட் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: மாறிப் போகும் விமானங்கள் எல்லாவற்றையும் ஒரே பதிவில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் விலை குறைவாகத் தெரியும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. நடுவில் இறங்கி, குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும். அப்போது அந்த நாட்டுக்கு விசாவும் தேவைப்படலாம். வயதானவர்களோடு போகும்போது அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

பயணக் காப்பீட்டைக் கிளம்பும் வாரத்தில் எடுப்பவர்கள் உண்டு. நான் டிக்கெட் வாங்கிய கையோடு எடுத்தேன். பயணத்தையே ரத்து செய்ய நேர்ந்தால் கிடைக்கும் ஈடு, பாலிசி எடுத்த பிறகு நடப்பதற்குத்தான் பொருந்தும். அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதை விண்ணப்பத்திலேயே எழுதினோம். பிரீமியம் கொஞ்சம் ஏறியது. மறைத்திருந்தால் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்போது ஈடு மறுக்கப்படலாம்.

அப்புறம் மருந்து. இந்தத் தயாரிப்பில் அதிக நேரம் இதற்குத்தான் போனது, போகவும் வேண்டும். நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். ஜப்பானில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளைக் கொண்டுபோகக் கூடாது. மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் அது பரவலாக இருக்கும். வீட்டு மருந்து டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் படித்தோம். வழக்கமாக ஜலதோஷத்துக்குப் போடும் மாத்திரையில் அந்தப் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். கோடீன், டிராமடால் போன்ற வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. அந்த வழியாகப் போகிறவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கும் விதி இருக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் ஒரு மாத அளவுக்கு மேல் போனால் ஜப்பானுக்குள் கொண்டுபோக 'யுன்யு காகுனின்ஷோ' என்ற சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். தாமே போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துக்கும் அந்த ஒரு மாதம்தான் எல்லை. நியூசிலாந்தில் பொதுவாக 3 மாத அளவு வரை அனுமதி உண்டு, ஆனால் அறிவிக்க வேண்டும். இரண்டு நாடும் ஒரே பயணத்தில் இருந்தால் இறுக்கமான விதியே கணக்கு. எங்கள் பயணம் ஒரு மாதத்துக்குள் முடிவதால், விமானம் தள்ளிப்போனால் சமாளிக்க ஒரு வார மருந்து கூடுதலாக எடுத்தும் எல்லைக்குள்ளேயே நின்றது.

அம்மாவின் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கினோம். வணிகப் பெயர் நாடு மாறினால் யாருக்கும் புரியாது. அதனால் மூலப்பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, ஊசி எதற்கு என்று வரிவரியாக எழுதித் தரச் சொன்னேன். அவரே இன்னொன்றையும் கவனித்துச் சொன்னார்: கிழக்கு நோக்கிப் பறந்தால் அந்த நாள் சுருங்கும், வழக்கமான இரண்டு ஊசிகளுக்கு நடுவே இடைவெளி குறையும். எந்த நேரத்தில் எவ்வளவு என்று ஒரு தாளில் அட்டவணை போட்டுக் கொடுத்தார். விமானத்தில் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார். இன்சுலினைப் பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறைக் குளிரில் உறைந்துவிட்டால் அது பயன்படாது. அத்தனை மருந்தும் அட்டையோடு, டப்பாவோடு, கைப்பையில்தான்.

பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். அதன் மின்கொள்ளளவுக்கு வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணி, பிரச்சினை இல்லை. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். வெறும் 220–240 என்று இருக்கும் முடி உலர்த்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வங்கியின் ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். கடைகளில் கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணமா, அந்த நாட்டுப் பணமா என்று கேட்டால் அந்த நாட்டுப் பணம் என்றே சொல்லுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசம்.

நியூசிலாந்துக்காகச் செய்த ஒரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளி மண்ணோ விதையோ உள்ளே வராமல் அந்த நாடு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறது. அறிவிக்காமல் உணவுப் பொருள் கொண்டுபோனால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மலையேறும் ஷூக்களின் அடிப்பாகத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்துப் பையில் கட்டினேன். இறங்கும்போது தரும் அறிவிப்பில் இப்படிப்பட்ட ஷூ இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே குறித்தோம். அதிகாரி ஷூவைத் திருப்பிப் பார்த்தார், விரலால் ஒரு பள்ளத்தைத் தடவினார், சரி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பறக்கும் நேரத்துக்குக் கால்தான் கவலை. 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணித்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. மொத்தத்தில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருவது, பயப்பட வேண்டாம். ஆனால் முன்பே ரத்தம் உறைந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும். அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கையை முன்பே பதிந்தேன். மருத்துவர் அளவு பார்த்துச் சொன்ன அழுத்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு, விழித்திருந்த நேரமெல்லாம் அவ்வப்போது எழுந்து நடந்தார்.

இரண்டு பெட்டியிலும் இருவர் துணியையும் கலந்து வைத்திருந்தோம். ஜப்பானில் இறங்கியபோது அதற்குப் பலன் கிடைத்தது: ஒரு பெட்டி வரவில்லை. வெளியே போவதற்கு முன் அங்கேயே கவுன்ட்டரில் புகார் எழுதிக்கொடுத்து எண்ணை வாங்கிக்கொண்டோம். விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமானால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும். அன்றிரவு அம்மாவுக்கு வாங்கிய ஸ்வெட்டரின் ரசீதைப் பத்திரப்படுத்தினேன். பெட்டி மறுநாள் ஹோட்டலுக்கு வந்தது, ஸ்வெட்டருக்கான பணத்தை ஊர் திரும்பியதும் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது.