முன் பிரேக் விடாமல் பிடிக்கிறதா? பேடு வாங்கும் முன் நிப்பிளைத் திறந்து பாருங்கள்

லிவரை விட்ட பிறகும் பைக்கின் முன் டிஸ்க் பிரேக் விடாமல் பிடிக்கிறது என்று வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் முதலில் வரும் பதில் "பேடு மாத்தீரலாங்க". என் வண்டிக்குப் பேடு மாற்றியாயிற்று, டிஸ்க் மாற்றியாயிற்று, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்த கூலியும் கொடுத்தாயிற்று. கோளாறு இவை எதிலுமே இல்லை. காசு போனதுகூடப் பரவாயில்லை, அந்த நிலையில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

அறிகுறி இதுதான். காலையில் கோபியில் எடுக்கும்போது சக்கரம் தாராளமாகச் சுற்றும். சத்தியமங்கலம் போய்ச் சேருவதற்குள் லிவர் கல்லு மாதிரி இறுகிவிடும், ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி இழுத்துப் பிடித்து நிற்கும், டிஸ்க்கில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாகும் (கையால் மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்). நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி நன்றாக ஓடும். இதில்தான் சிக்கலே. ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்தால் அவர்கள் ஆறிப்போன வண்டியைத்தான் பார்ப்பார்கள். "ஏனுங்க, நல்லாத்தானுங்களே சுத்துது" என்று சுற்றியும் காட்டுவார்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு சூட்டோடு பாருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை, அடுத்த பில்தான் வந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது சத்தி ரோட்டில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். "ஆற உடாதீங்க தம்பி, அப்படியே ஸ்டேண்டு போடுங்க" என்று சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்கி, 8 நம்பர் ஸ்பேனரால் காலிப்பரில் ஆயிலை வெளியே விடுவதற்கு இருக்கும் பிளீட் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தார். ஆயில் பீய்ச்சியது, சக்கரம் உடனே விட்டுவிட்டது. திறந்தும் விடவில்லை என்றால் பேடைத் தள்ளும் பிஸ்டனோ காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின்னோ துருப்பிடித்து மாட்டியிருக்கிறது, காலிப்பரைக் கழற்ற வேண்டும். சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது, பேடையும் டிஸ்க்கையும் தொடவே வேண்டாம். மறுபடி ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து, இந்த முறை மேலே, லிவர் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில், ஆயிலைக் கீழே கொண்டுபோகும் ஹோஸ் சேரும் போல்ட்டைத் துணி சுற்றி லேசாகத் தளர்த்தினார். அங்கேயும் விட்டது. அப்படியானால் ஹோஸ் நன்றாக இருக்கிறது, அடைப்பு மாஸ்டர் சிலிண்டரில். மேலே விடாமல் கீழே நிப்பிளில் மட்டும் விட்டிருந்தால் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்திருக்கும் ஆயில் டப்பாவின் அடியில் ரெண்டு துளை இருக்கும். அதில் ஒன்று குண்டூசிகூட நுழையாத அளவு. சூட்டில் விரிகிற ஆயில் அது வழியாகத்தான் மேலே திரும்ப வேண்டும். அது அடைத்துக்கொண்டால் ஆயிலே பேடைத் தள்ளும், உரசிச் சூடாகும், இன்னும் விரிந்து இன்னும் தள்ளும். என் வண்டியில் கறுத்த கசடு அதை மூடியிருந்தது. சர்வீஸ் அட்டையில் பிரேக் ஆயில் மாற்றியதாக டிக் போட்டிருக்கிறார்கள்! இந்த ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அதற்கான அளவே 155தான். ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் கிட் (உள்ளே போடும் பிஸ்டனும் ரப்பரும்) வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கோபியில் "கிட் வராதுங்க, அசெம்பிளியாத்தான் எடுக்கோணும்" என்றார்கள். ஈரோட்டில் ஒரு கடையில் போனில் "இருக்குதுங்க, வாங்க" என்றார்கள், போனால் வேறு மாடலுடையது, ரப்பர் அளவே சேரவில்லை, வெறுங்கையோடு திரும்பினேன். கோயமுத்தூரில்தான் கிடைத்தது. பழைய பிஸ்டனைக் கையோடு கொண்டு போங்கள். மாட்டி, ஆயிலில் சிக்கிய ஏரை வெளியே எடுத்தது பெரிய வேலையே இல்லை.

துளையைக் குத்த கரண்ட் ஒயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழை போதும். ஊசி போட்டால் ஓரம் பிசிறு தட்டி ரப்பரைக் கிழிக்கும். சரியானதா என்று பார்க்க, மூடியைத் திறந்து லிவரை மெல்ல அழுத்தினால் அந்தச் சின்னத் துளையில் இருந்து ஆயில் மேலே கொப்பளிக்க வேண்டும். வராவிட்டால் லிவரையும் பாருங்கள், அளவு சேராத லிவர் பிஸ்டனைத் தள்ளியபடியே இருந்தாலும் இதே கோளாறு வரும். ரப்பரைப் பெட்ரோலில் கழுவவோ சாதா கிரீஸ் தடவவோ விடாதீர்கள், உப்பிவிடும். ஸ்லைட் பின்னுக்கு சிலிகான் கிரீஸ்தான். பெட்ரோல் டேங்கின் மேல் பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட் போய்விடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இப்போது திம்பம் ஏறி இறங்கியும் சக்கரம் விரலால் தள்ளினால் சுற்றுகிறது. முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் என் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளந்து பார்த்தால் அதற்கு மேல் இன்னும் நிறையவே இருக்கிறது.