வேகம் இருக்கிறது, யோசனை எங்கே?

அக்கா மகனோடு ‘தி ஃபிளாஷ்’ மறுபடி ஓடுகிறது. 2014 முதல் 2023 வரை வந்த சூப்பர் ஹீரோ தொடர். அதன் நாயகன் பாரி ஆலனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஒலியை மிஞ்சி ஓடுகிறவன், உறைய வைக்கும் துப்பாக்கியோடு நிற்கும் சாதாரண ஆளிடம் நின்று பேசிக்கொண்டிருக்கிறான். கண் இமைப்பதற்குள் பிடுங்கியிருக்கலாமே! 2வது சீசன் முடிவில் அம்மாவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கி ஓடுகிறான். சரி, அந்த ஏக்கம் புரிகிறது. அதன் விளைவாக அவன் நண்பன் சிஸ்கோவின் அண்ணன் செத்துப்போகிறான். அப்புறமும் காலப் பயணம் நின்றபாடில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் நம்ம மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாடக விழாவில் பிரகலாத நாடகம் பார்த்திருப்பீர்கள். இரணியன் வாங்கிய வரம் என்ன? பகலிலும் சாவில்லை, இரவிலும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மனிதனாலும் இல்லை, மிருகத்தாலும் இல்லை. எந்த ஆயுதத்தாலும் இல்லை. வந்தவர் கடவுள், நினைத்தால் வரத்தையே ரத்து செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்தி நேரம், வாசற்படி, சிங்கமுகம், ஆயுதத்துக்குப் பதில் நகம் என்று ஒவ்வொரு நிபந்தனைக்கும் கட்டுப்பட்டே முடிக்கிறார். முடிவு தெரிந்தும் ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது.

ஒன்பது சீசன் எழுதியவர்கள் தாங்கள் போட்ட விதியில் ஒன்றையாவது இப்படிக் கடைசிவரை காப்பாற்றியிருக்கலாம்.

கதை உருப்படியாக இருக்கும் சூப்பர் ஹீரோ தொடர் தெரிந்தால் சொல்லுங்கள். பையனுக்கு லீவு முடிவதற்குள் பார்க்க வேண்டும்.