கிக்ஆஃபுக்கு முன் எதைச் செய்து வைக்கலாம்?

பள்ளி மாணவர் அணிகள் ரோபாட் கட்டி மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்படிஷனில் அந்த ஆண்டின் ஆட்டம் என்ன என்பது ஜனவரியில் நடக்கும் கிக்ஆஃப் என்ற தொடக்க நிகழ்வில்தான் தெரியும். 2024-இல் அது ஜனவரி 6. அதற்கு முன் செய்த பாகங்களை ரோபாட்டில் பொருத்தக் கூடாது என்கிறது 2024 கையேட்டின் ஆர்302 விதி. இதற்குப் பயந்து பட்டறையைப் பூட்டி வைக்கத் தேவையில்லை. மோட்டார், கியர், அலுமினியக் குழாய் எல்லாம் வேண்டிய மட்டும் வாங்கி அடுக்கலாம். மாதிரிகள் செய்து பழகலாம். அவை ரோபாட்டில் ஏறாமல் இருந்தால் சரி.

எது செய்த பாகம்? பொருள் அதன் இறுதி வடிவத்தை நோக்கி நகர்ந்ததா என்பதே கேள்வி. 20 அடிக் குழாயை எடுத்துப் போக வசதியாக 5 அடித் துண்டுகளாக்கினால் அது செய்த பாகம் ஆகாது. அதே குழாயில் பேரிங் உட்காரும் அளவுக்குத் துல்லியமாகத் துளை குடைந்துவிட்டால் ஆகிவிடும். ஆனால் பழைய ரோபாட்டில் அப்படிக் குடைந்த குழாயை இந்த ஆண்டு அந்தத் துளையைப் பயன்படுத்தாமல் மாட்டலாம். பேரிங் இல்லாத துளை வெறும் துளைதான். கைத்துரப்பணத்தால் 30 நிமிடத்துக்குள் போட்டுவிடக்கூடியது. கடைப்பொருளில் கைக்கருவியால் அரை மணிக்குள் முடியும் வேலைக்கு விதியே விலக்கு தருகிறது.

பேட்டரி, ரோபாட்டைச் சுற்றி மோதல் தாங்கும் பம்பர், ரோபாட்டை இயக்கும் ஓட்டுநர் கன்சோல் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. மோட்டார் வயரில் கனெக்டர் கிரிம்ப் செய்வது (நசுக்கி இறுக்குவது), ஷாஃப்டில் பினியன் என்ற சிறு கியரை ஏற்றுவது இரண்டையும் முன்கூட்டியே முடிக்கலாம். எங்கள் கருத்தில் முதலில் முடிக்க வேண்டியது பேட்டரி. 6 கேஜ் வயரில் லக்கை (டெர்மினலில் மாட்டும் உலோக முனையை) கிரிம்ப் செய்து இழுத்துப் பாருங்கள். டெர்மினலில் இறுக்கியபின் முழுக்க இன்சுலேட் செய்யுங்கள். நட்டு தளர்ந்திருந்தால் எல்லா மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது மின்னழுத்தம் விழுந்து, ரோபாட்டின் கட்டுப்பாட்டுக் கணினியான ரோபோரியோ பிரவுன்அவுட்டுக்குப் போய் மோட்டார்களை நிறுத்திவிடும். பம்பரை அனுமதி இருந்தாலும் முடித்து வைக்காதீர்கள். பம்பர் பொருந்தும் ரோபாட் சட்டகத்தின் அளவே கிக்ஆஃபுக்குப் பிறகுதான் முடிவாகும்.

அணிகள் அதிகம் தடுக்கி விழுவது, கிக்ஆஃபுக்கு முந்தைய வடிவமைப்பையும் நிரலையும் பற்றிய ஆர்303 விதியில். இலையுதிர் காலத்தில் வரைந்த கியர்பாக்ஸை ஜனவரியில் புதிதாகவே கடைந்தாலும், வரைபடம் பழையது என்றால் செல்லாது. விகிதத்தை மாற்றி, அளவைக் குறைத்து, மறுபடி வடிவமைத்தால் செல்லும். நிரலுக்கும் இதே கதிதான். கிக்ஆஃபுக்கு முன் மூலக்கோப்புகளைப் பொதுவில் வெளியிட்டிருந்தால் மட்டும் அப்படியே பயன்படுத்தலாம். படமும் வீடியோவும் போதாது. பார்ப்பவர் அதை வைத்தே செய்துவிட முடிய வேண்டும். நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றியதும் கணக்கிலிருந்து வெளியேறி ஒருமுறை திறந்து பாருங்கள். ரெப்போ (கோப்புகளின் தொகுப்பு) பிரைவேட்டில் இருந்தால் அது வெளியிட்டதாகாது.